பழத்தட்டில் வைத்துக் கொடுத்த வக்கீல் நோட்டீஸ்

எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். கோயமுத்தூர்க்காரி, வேறென்ன செய்ய? சண்டையில்கூட 'ங்க' போடாமல் பேசினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

ஒரு பம்புசெட் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராக இருந்தேன். பிரசவ விடுப்பு முடிந்து போனால், என் நாற்காலியில் முதலாளியின் மருமகன். எனக்கு ஸ்டோர்ஸில் ஒரு ஸ்டூல். (அதற்கும் ஒரு கால் ஆடும்.) நாலு மாதம் கேட்கிறவர்களுக்கு வாஷர் எடுத்துக் கொடுத்தேன். வக்கீலிடம் போனேன்.

"ஜெயிச்சுப்போடலாமுங்க. ஆனா அப்புறம் இந்த ஊர்ல எந்த பம்பு கம்பெனி உங்களைச் சேர்க்கும்னு யோசிச்சுக்குங்க" என்றார்.

அவர் பயமுறுத்தவில்லை. இங்கே முதலாளிகள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, இல்லையென்றால் மச்சான். காலையில் கேஸ் போடலாம் என்பேன். மத்தியானச் சோற்றுக்குள் வேண்டாம் என்பேன். ஒரு வழியாகப் போடுவதென்று முடிவானது. நோட்டீஸும் தயார்.

உடனே புதுக் கவலை. முதலாளி என் கல்யாணத்துக்கு முதல்நாளே குடும்பத்தோடு வந்து முன்னே நின்றவர்.

"ஏனுங்க, போஸ்ட்டுல அனுப்புனா மரியாதையா இருக்குமுங்களா? நேர்லயே போய்க் குடுத்துப்போட்டு வந்தர்லாமுங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

அவர் என்னையே பார்த்தார். "வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றார். (பொருத்தம் பார்த்துத்தான் கட்டிவைத்திருக்கிறார்கள்.)

ஞாயிற்றுக்கிழமை காலை ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, மேலே நோட்டீஸ் கவர் என்று தட்டோடு போய் நின்றோம். முதலாளியம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க கண்ணு! பாப்பாவுக்குக் காதுகுத்துங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டு சாமி ரூமுக்குப் போய்விட்டது. கவரின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் புண்ணியவதி. எங்களுக்கு இட்லி வந்தது. மூன்று சாப்பிட்டேன். (நாலாவதை மறுத்துவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.)

முதலாளி வந்து கவரைப் பிரித்தார். படிக்கப் படிக்க முகம் கறுத்தது.

"ஏனம்மணி, என்ன இது?"

எத்தனை வசனம் ஒத்திகை பார்த்திருந்தேன்! வாயில் வந்தது இதுதான்: "உங்க மேல கேஸ் போடலாம்னு இருக்கோமுங்க. நீங்க அவசியம் வரோணுமுங்க."

"குடும்பத்தோட வந்துருங்க" என்று முடித்துவைத்தார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் வக்கீல் கேட்டார்: "வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து வாங்குனீங்களா?"

"இல்லீங்க. இட்லி சாப்பிட்டோமுங்க."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். அத்தாட்சி இல்லாததால் கொடுத்தும் கொடுக்காத கணக்குதானாம். கம்பெனியிலும் முதலாளி எதுவுமே நடக்காத மாதிரி, "ஆப்பிள் நல்லா இருந்துச்சுங்க" என்றார். என் ஸ்டூல் மட்டும் அதே ஸ்டோர்ஸில், அதே ஆட்டத்தோடு. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வந்தது. மத்தியானச் சோறுகூடச் சாப்பிடாமல் தபாலாபீஸுக்கு நடந்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஒரு வருஷ இழுபறிக்குப் பின் நாற்காலி கிடைத்தது. பேச்சுத் துணைக்குத்தான் ஒரு ஆள் கிடைக்கவில்லை. வேறொரு கம்பெனியில் இன்டர்வியூவுக்குப் போனேன். அந்த முதலாளி என் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மஞ்சத் தடவி நோட்டீஸ் குடுத்தது நீங்கதானுங்களா?"

போச்சு, எல்லாம் போச்சு. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அட, உக்காருங்க! முதுகுக்குப் பின்னால பேசுற ஆளுக இங்க நெறைய இருக்காங்க. ஊடு தேடி வந்து சொல்ற ஆளு ஒண்ணாவது வேணுமில்லீங்களா?"

சேர்ந்து ஏழு வருஷமாகிறது. இன்றும் நான் ஏதாவது காகிதத்தோடு அவர் அறைக்குள் நுழைந்தால், முதலில் என் இன்னொரு கையைத்தான் பார்க்கிறார். வீட்டில் எங்களுக்குள் சண்டை முற்றினால் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கேட்பது ஒன்றே ஒன்று:

"பழம் வாங்கியாரட்டுங்களா?"