மிட்டாதார் வூட்டுக் கிணறு

பெண்டாட்டி பாஞ்சாலியின் வாயை அடைத்தே தீருவது என்று தீர்த்தகிரி முடிவு கட்டிவிட்டார். கொல்லையில் கிணறு வேண்டுமாம் அம்மணிக்கு! கல்யாணமான நாளாய் இதே பாட்டு. கடத்தூர் மண்ணில் நாலு முழம் தோண்டினால் பாறை. வெடி வைத்து உடைத்துச் சாவது யார்?

"பெரிய வூட்டுப் பொம்பளைங்களே குடம் தூக்குனவங்கதான் புள்ள. நேர்ல காட்டறேன், வா."

கம்பைநல்லூர்ப் பக்கம், ஒரு காலத்தில் ஜமீன்தார் மாதிரி பல ஊர்களை ஆண்ட மிட்டாதார் ஒருவரின் வீடு. வாரிசுகள் பட்டணம் போய்விட, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் அதை அப்படியே ஜனங்கள் பார்க்கத் திறந்துவிட்டிருந்தார்கள். வண்டி கட்டிக்கொண்டு போனார்கள்.

உள்ளே நுழைந்ததும் தீர்த்தகிரி வந்த காரியத்தையே மறந்தார். அடேயப்பா! கட்டிப்பிடித்தால் கைக்கு அடங்காத தேக்குத் தூண்கள். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி வழவழவென்று சுண்ணாம்புச் சுவர். "மனுசன் வாழ்ந்திருக்கான்யா!" என்று வாய்விட்டே சொன்னார்.

அடுத்தது சமையல்கட்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், கிணறு! அடுப்படியில் நின்றபடியே கயிற்றை இழுத்தால் தண்ணீர் கைக்கு வருகிறது. தீர்த்தகிரிக்குப் பகீரென்றது. பாஞ்சாலியோ அண்ணாந்து உறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாடா, கவனிக்கவில்லை என்று மூச்சு விட்டார்.

வாசலில் காவல்காரர் வெங்கடாசலம் ஒரு பெரிய நோட்டை நீட்டினார். "பார்த்ததைப் பத்தி நாலு வரி எழுதிட்டுப் போங்க."

தீர்த்தகிரிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அது ஊருக்குத் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரியும்.

"ஏர் புடிச்சு வெரல் சுளுக்கிக்கிச்சுங்க. இவ சொல்லுவா, நீங்களே எழுதிக்கங்க" என்றவர், அந்தத் தூணை இன்னொரு தரம் தடவிப் பார்க்கப் போனார்.

திரும்பி வந்து நோட்டின் மேல் மெள்ள விரலை ஓட்டினார். "பலே! நான் நெனச்சதையே சொல்லியிருக்கா" என்று தலையாட்டிவிட்டு, சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டார்.

சுற்றி நின்றவர்கள் கேட்க வெங்கடாசலம் உரக்கப் படித்தார்: "இந்த வூட்டுக் கிணத்தைப் பார்த்து மனசு நெறஞ்சு போச்சு. என் பொண்டாட்டிக்கும் வர்ற தை மாசமே கொல்லையில ஒண்ணு வெட்டித் தர்றேன்."

மீதியைப் படிப்பதற்குள் கூட்டம் கைதட்டியது. "புருசன்னா இவருல்ல புருசன்!" என்றாள் ஒருத்தி.

வண்டியில் ஏறியதும் தீர்த்தகிரி முறைத்தார். ஆனாலும் அவள் மூளையை நினைக்க நினைக்க உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

"சரி, வெட்டறேன். பாறையில தண்ணி வராட்டி என்ன புள்ள பண்றது?"

"அதையும் எழுதச் சொல்லிட்டனுங்க. தண்ணி வர்ற வரைக்கும் குடம் தூக்கறது நீங்கதான்."