சிரித்தால் மட்டும் எடுக்கும் கேமரா

மாதையன் சிரிக்கிற வரைக்கும் படம் எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது அந்தக் கேமரா.

மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் அதை நிறுத்திவிட்டு, எதிரே உரச் சாக்கில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. கேமராவின் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கிக் காத்திருந்தது. உதட்டை இழுத்துப் பார்த்தார். பல்லைக் காட்டிப் பார்த்தார். கேமரா நம்பவில்லை.

"இருக்கறதுலயே இதாங்க விலை கம்மி. சட்டைப் பையில போட்டுக்கலாம். ஒரு வாரம் எடுத்துப் பாருங்க, புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க" என்று தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரன் சொல்லியிருந்தான். சிரிப்பைப் பற்றி அவன் சொல்லவில்லை. நேற்று எதையோ அமுக்கப்போய் அந்த வசதி வந்து ஒட்டிக்கொண்டது. போக மறுக்கிறது.

அதற்கு முன் எடுத்தவையும் தேறவில்லை. வீட்டுக்குள் எடுத்தால் முகத்தில் மணல் தூவியது போல் வந்தது. பிளாஷ் போட்டால் நெற்றி சுண்ணாம்படித்த சுவரானது, கண் இரண்டும் சிவந்தன. கிட்டத்தில் வைத்தால் மூக்கு முன்னால் வந்தது.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். தன்னுடைய கண்ணீர் அஞ்சலி பேனருக்கு.

வயிற்றில் இருப்பது இனி போகாது என்று இரண்டு மாதம் முன்பே சேலம் டாக்டர் சொல்லிவிட்டார். அதைவிட மாதையனை அதிகம் கலக்கியது பங்காளி முனுசாமியின் பேனர். அவர் செத்தபோது நல்ல படம் எதுவும் அகப்படாமல், கல்யாணக் கும்பல் படம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்து அதியமான்கோட்டை ரோட்டில் கட்டினார்கள். காரியம் முடிகிற வரைக்கும், யாருடையதோ ஒரு கை முனுசாமியின் தோளைப் பிடித்தபடி நின்றது.

மாதையனுடையது பட்டன் போன். மனைவி சின்னம்மாளின் போனில் எடுத்தால் அவள் கையோடு அதை ஓசூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பிவிடுவாள். சின்னம்மாளிடமே இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கேமரா.

வாங்கி வந்த அன்றே அவள் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"தக்காளி இலை சுருண்டுகிட்டுக் கெடக்குதில்ல. படம் புடிச்சு விவசாய ஆபீசருக்குக் காட்டலாம்னு..."

அந்தப் பொய் சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வந்தது. பக்கத்துக் காட்டுக் குமார் ஒரு கத்திரிச் செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தான். அவன் பின்னால் ஒருத்தி, வாய்ப்புண் வந்த ஆட்டை இழுத்து வந்தாள்.

"இதையும் ஆபீசருக்குக் காட்டுங்கண்ணா."

மெமரி கார்டு போடாத கேமராவில் இடம் கொஞ்சம்தான். ஆட்டு வாய்க்கு இடம் பண்ணப்போய், ஓரளவு தேறியிருந்த ஒரே படத்தையும் மாதையன் அழித்துவிட்டார்.

மறுநாள் குமார் தன் செடியைத் தேடிக் கேமராவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "என்னண்ணா, செடி ரெண்டு, நீங்க இருபது! மாப்ள கணக்கா வேற இருக்கறீங்க?"

"பாஸ்போர்ட்டுக்குடா" என்றார் மாதையன், வாயில் வந்ததை.

இருட்டுவதற்குள் அவர் சிங்கப்பூர் போவது உறுதியாகிவிட்டது. குமாரின் பெண்டாட்டி தைலம் வாங்கி வரச் சொல்லிவிட்டுப் போனாள்.

சின்னம்மாள் களியைத் தட்டில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "எந்த ஊருக்குங்க?"

"தூரந்தான்."

"கம்பளி எடுத்துக்கங்க. உங்களுக்குக் குளுரு ஆவாது."

சொல்லிவிட்டு அவள் குழம்பு எடுக்கப் போனாள். மாதையன் களியை உருட்டி உருட்டித் தட்டிலேயே வைத்தார். இவ்வளவு வெகுளியாக இருப்பவளிடம் எப்படிச் சொல்வது?

இப்போது கொட்டகையில் மூன்றாவது முறையாகப் பல்லை இளித்தபோது, வாசலில் நிழல் விழுந்தது. சொம்பில் மோரோடு சின்னம்மாள் நின்றிருந்தாள். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, கரண்டுப் பெட்டியைப் பாத்துப் பல்ல இளிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறீங்க? அது மயங்கி மும்முனைக் கரண்டு குடுத்துருமா?"

மாதையனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தார். கேமரா 'கிளிக்' என்றது.

படத்தைப் பார்த்தார். மூக்கு அதன் இடத்தில் இருந்தது. கண் கறுப்பாகவே இருந்தது. செத்துப்போகிறவனின் முகமாகவே தெரியவில்லை. கடைக்காரனிடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம், கேமரா நல்ல கேமராதான் என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை முதல் வேலையாக ரோட்டோரம் இருந்த கலைமணியின் ஸ்டூடியோவுக்குப் போனார். பேனர் அடிப்பதும் அவள்தான். கேமராவை நீட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார்.

"இத ஏத்தி வெச்சுக்கம்மா. நேரம் வரும்போது எடுத்துக் குடு. எங்க வூட்டுல மட்டும் தெரியக்கூடாது. தாங்கமாட்டா."

கலைமணி படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்:

"படம் நல்லா வந்திருக்குதுங்கண்ணா. ஆனா அண்ணி போன மாசமே உங்க படம் ஒண்ணு குடுத்து பிரேம் போட்டு வெக்கச் சொல்லிட்டாங்க. அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியக்கூடாதாம், நீங்க தாங்கமாட்டீங்களாம்."