கியர் இல்லாத மாப்பிள்ளை

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்குச் சைக்கிளைப் பற்றி எவனும் புத்தி சொல்லக் கூடாது. சொன்னால் கோபம் வரும். நடக்கப் பழகிய கையோடு சைக்கிளில் ஏறியவர்கள் நாங்கள். (ஊர் முழுக்கத் தட்டை என்பதை மட்டும் அங்கே யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.)

தொண்ணூறுகளின் தொடக்கம். இங்கிலாந்துக்கு வந்த புதிது. மோர்டனில் ஒரு சின்ன அறை, பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஓரிடத்தில் இருக்க ஏலாத ஆள் நான். பஸ் வரப் பிந்தினால் அடுத்த தரிப்பிடத்துக்கு நடந்துவிடுவேன், அதற்குள் பஸ் என்னைத் தாண்டிப் போய்விடும். அப்போதுதான் ஹரோவில் ஒரு வீட்டிலிருந்து சம்பந்தம் பேசி வந்தது. பெண் பெயர் வத்சலா. அவளை நான் ஏற்கெனவே ஒரு தடவை மனோர் பார்க் கோயில் வாசலில் பார்த்திருந்தேன். செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கென்றால் அந்த இடத்தில் ஊரையே திட்டத் தோன்றியிருக்கும். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், கட்டினால் இவளைத்தான்.

முடிவு செய்ய வேண்டியவர் அவளுடைய தமையன் குகன். கணக்காளர். கோடை வந்தால் சைக்கிளில் ஊர் சுற்றுபவர்.

"தம்பி, ஒரு கிழமை கரையோரமாச் சைக்கிளில போறன். நீரும் வாரும். ஆளை ஆள் அறிஞ்ச மாதிரியும் இருக்கும்" என்றார் போனில்.

அது பரீட்சை என்று எனக்கு விளங்கியது. சைக்கிள் பரீட்சை! சிரிப்பாக இருந்தது.

என்னை ஒரு கடைக்குக் கூட்டிப் போனார். காதில் தோடு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெடியன் மூன்று விதம் காட்டினான். முதலாவது ரேசிங் சைக்கிள். வளைந்த ஹாண்டில், விரல் அகல டயர். மோதிரம் தொலைத்தவன் மாதிரிக் குனிந்தே ஓட வேண்டும். வேண்டாம். இரண்டாவது மலைச் சைக்கிள். உழவு மெஷின் டயர். வேண்டாம். மூன்றாவது நெடும்பயணத்துக்கென்றே செய்தது. நீண்ட உடல், பை கட்ட முன்னும் பின்னும் இடம், நிறையக் கியர். சரியான சைக்கிள் அதுதான். நான் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கியர் எதுக்கு அண்ணை? காலில பெலன் இல்லாதவனுக்கு."

"மேடு வருமடாப்பா."

"நான் கிளிநொச்சியில இருந்து அரிசி மூட்டையோட யாழ்ப்பாணம் மட்டும் மிதிச்சவன்."

"அங்க மேடு எங்க இருக்கு?"

யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. அதனால் கத்தினேன்: "ஏன், பண்ணைப் பாலம் இல்லையோ?"

(பாலத்து ஏற்றம் வந்ததும் பின்னால் கரியலில் இருக்கிறவன் "இறங்கட்டோ?" என்று கேட்பான். "பேசாம இரு" என்று மிதிப்போம். மலையேற்றத்தில் எனக்கு இருந்த அனுபவம் அவ்வளவுதான்.)

கடைசியில் ஒரு கிழவரின் தோட்டக் கொட்டிலிலிருந்து கறுத்த இரும்புச் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். கம்பி பிரேக், செயின் கவர், டைனமோ லைட், ஆள் படுக்கக்கூடிய கரியல். தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய் பூசி மினுக்கினேன். குகன் அண்ணை பார்த்தார். தன் சைக்கிள் கியரைத் துடைக்கத் தொடங்கினார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

புறப்படுகிற அன்று காலை ஒரு காரும் வந்து நின்றது. வத்சலா ஓட்டினாள். பக்கத்தில் அவளுடைய அம்மா, மடியில் இடியப்பப் பெட்டி. முதல் நாள் சாப்பாட்டை அவர்களே கொண்டு வருகிறார்களாம். எனக்குத் தலை கால் தெரியவில்லை. "எல்லாத்தையும் என்ர கரியலில கட்டுங்கோ!" என்றேன். குகன் அண்ணையின் பை, என் பை, கூடாரம், இடியப்பம், சம்பல், சொதிப் போத்தல் எல்லாம் கட்டினேன்.

தொடக்கத்தில் நான்தான் முன்னுக்கு. வழியெல்லாம் மணி அடித்துக்கொண்டு போனேன். பிறகு சின்னச் சின்ன ஏற்றங்கள். மணி அடிப்பதை நிறுத்தினேன். பின்னேரமாகியும் சாப்பிட நிறுத்த விடவில்லை. "கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவம்" என்று வீறாப்பு. கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு மலை சுவர் மாதிரி நின்றது.

குகன் அண்ணை கியரை மாற்றி, கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது போல இருந்து, வீட்டுக் கடன் வட்டி பற்றிப் பேசிக்கொண்டே ஏறினார். எனக்குக் காது அடைத்தது. பின்னால் ஆமை வேகத்தில் வத்சலாவின் கார், அதற்குப் பின்னால் பாதி இங்கிலாந்தும் ஹோர்ன் அடித்துக்கொண்டு.

கார்க் கண்ணாடி இறங்கியது. எனக்கு அவள் சொன்ன முதல் வார்த்தை:

"இறங்கட்டோ?"

அம்மாவுக்குச் சிரித்துப் புரையேறியது. இறங்க வேண்டியவன் நான். மானமுள்ளவன் இறங்குவானா? எழுந்து நின்று ஓங்கி மிதித்தேன். பின்பாரத்துக்கு முன்சில்லு குதிரைக் கால் மாதிரி மேலே கிளம்பியது. அடுத்ததாக நான் பார்த்தது வானம். சொதி தெருவில் ஓட, இடியப்பம் ஒன்று என் நெஞ்சில் கிடந்தது.

வத்சலா காரை ஓரம் கட்டினாள். இறங்கி வந்து சைக்கிளை நிமிர்த்தினாள். நான் ஹாண்டிலைப் பிடிக்க, அவள் கரியலில் கை வைத்து உச்சி வரை தள்ளினாள். நான் ஒரு சொல் பேசவில்லை.

உச்சியில் குகன் அண்ணை தீர்ப்புச் சொன்னார், எனக்குக் கேட்கத்தக்கதாகவே: "கோவக்காரன். சொல்வழி கேளான். இது சரிவராது, அம்மா."

"சாப்பாட்டையும் கொட்டிப்போட்டான்" என்றார் அம்மா.

சைக்கிளை அங்கேயே வேலியில் சாய்த்துவிட்டு ரயிலேறி வந்தேன். கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை போன் வந்தது. வத்சலா ஓம் என்றுவிட்டாளாம். தமையன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லையாம்.

கல்யாணத்துக்குப் பிறகு காரணம் கேட்டேன்.

"வேற ஆம்பிளை எண்டால் 'நீ தள்ளாத, நான் பாக்கிறன்' எண்டு துள்ளியிருப்பான். நீங்கள் ஒண்டும் சொல்லாமல் தள்ள விட்டியள். அதுதான்."

சொல்ல என்னிடம் மூச்சு இருக்கவில்லை. இருந்திருந்தால் நிச்சயம் துள்ளியிருப்பேன். இதை இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வீடும் ஹரோவில், ஒரு மேட்டின் உச்சியில். மகளைச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துப் போனதுதான் மிச்சம், வாயைத் திறந்தால் இங்கிலிஷ். ஆனால் அந்த மேட்டில் கார் ஏறத் தொடங்கியதும் பின் சீட்டிலிருந்து சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் வரும்:

"அப்பா, இறங்கட்டோ?"

"பேசாம இரு" என்று அக்சிலேட்டரை மிதிப்பேன். பக்கத்தில் ஒருத்தி கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தோள் மட்டும் குலுங்கும்.