சங்குச் சாமிக்குக் கேட்ட இதயம்

ஈஸ்ட் ஹாமில் அந்த மாதம் எல்லோருக்கும் திடீரென்று இதயம் இருந்தது.

ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு சேலைக் கடை. அதன் மேல்மாடியில் ஒரு மண்டபம். சனிக்கிழமை பத்து மணிக்கே வரிசை படியிறங்கித் தெருவுக்கு வந்துவிடும். நகைக் கடையைத் தாண்டும். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் இதையும் பஸ்ஸுக்கான வரிசை என்று நினைத்துச் சேர்ந்துகொள்வார்கள். மேலே போன பிறகு யாரும் பஸ்ஸைப் பற்றி விசாரித்ததாகத் தகவல் இல்லை.

மேலே இருந்தவர் ஹிருதயானந்த சுவாமிகள். சனங்களுக்குச் சங்குச் சாமி. சூரிச், பாரிஸ், டொரொண்டோ முடித்து லண்டனுக்கு எழுந்தருளியிருந்தார். விசா ஆறு மாதத்துக்கு. அருள் நிரந்தரம்.

அவரிடம் ஒரு வலம்புரிச் சங்கு இருந்தது. அதை ஆளின் நெஞ்சில், இடப்பக்கத்தில் வைப்பார். பெண்கள் என்றால் ரஜனி வைப்பாள். அவள் தொண்டர் தலைவி, ஒலிவாங்கியும் அவளிடம்தான். சங்கிலிருந்து ஒரு கறுப்பு வயர் ஒலிபெருக்கிக்குப் போகும். சாமி கண்ணை மூடுவார். மண்டபம் முழுக்க இதயம் கேட்கும். டுப். டுப். டுப்.

தன் இதயத்தை ஒலிபெருக்கியில் கேட்ட மனிதன் அதன் பிறகு எதையும் நம்புவான். முதலில் அழுவான். பிறகு நூற்றொரு பவுணை உண்டியலில் போடுவான்.

இதயம் சொன்னதைச் சாமி தமிழில் எடுத்துச் சொல்வார். மருத்துவ நூல்களில் ஆயிரக்கணக்கில் நோய்கள் உண்டு. சாமியிடம் மூன்று இருந்தன. கண்ணூறு, செய்வினை, முன்னோர் சாபம். மூன்றுக்கும் ஒரே பரிகாரம். பத்து வாரம் வர வேண்டும்.

ஒருவரைக்கூட அவர் "எனக்குத் தெரியவில்லை" என்று திருப்பி அனுப்பியதில்லை. அதுதான் அவருடைய புகழ்.

பாலாம்பிகையும் அங்கே போனாள். வயது ஐம்பத்து மூன்று. பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் ஒரு பாடசாலைச் சமையலறையில் வேலை. இரண்டு வருடமாக நின்ற நிலையில் மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். முதல் டாக்டர் களைப்பு என்றார். இரண்டாமவர் வயது என்றார். மூன்றாமவர் மனஅழுத்தம் என்றார். நாலாவதாக ஒரு மெலிந்த பெண் டாக்டர். அவர் நெடுநேரம் கேட்டுவிட்டு, எனக்குத் தெரியவில்லை, ஆனால் ஏதோ இருக்கிறது, தேடுவோம் என்றார். தேடினார். கடைசியில் சார்கொய்டோசிஸ் என்று ஒரு நோய் அகப்பட்டது. நுரையீரலில் வந்தாலே அபூர்வம். இவளுக்கு இதயத்தில் வந்திருந்தது. இதயத்துக்குள் மின்சாரம் போகும் பாதையை அது அடைக்கிறது. இன்னொரு முறை விழுந்தால் எழும்பாமல் போகலாம். செவ்வாய்க்கிழமை நெஞ்சில் ஒரு கருவி வைப்பதாக முடிவாகியிருந்தது.

சங்கை வைத்த மூன்றாவது நிமிடம் சாமி சொன்னார்: கண்ணூறு. உடம்புக்குள் இரும்பு போகக் கூடாது.

வெள்ளிக்கிழமை மாலை அவள் அண்ணன் இராஜேந்திரன் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணை, ஆஸ்பத்திரிக்குப் போன் அடிச்சு வரேலாது எண்டு சொல்லப்போறன்."

"ஏன்?"

"சாமி இரும்பு கூடாதெண்டிட்டார்."

"அது இரும்பில்லை. டைட்டேனியம்."

"அதைச் சாமியிட்டச் சொல்லுங்கோ."

"டாக்டர் சொன்ன வருத்தத்தின்ர பேர் ஞாபகம் இருக்கோ உனக்கு?"

"சார்... சாக்கோ... அண்ணை, வாயில வராத வருத்தத்துக்கு நெஞ்சை வெட்டுறதோ? கண்ணூறெண்டா ஊர் முழுக்கத் தெரியும்."

"அந்த மனுசி உனக்காக எத்தினை மாசம் தேடினவ."

"அதைத்தான் நானும் சொல்லுறன். சாமிக்கு மூண்டு நிமிசம்."

இராஜேந்திரன் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஒரு ஸ்டேஷனில் வேலை செய்கிறவர். ரயில் ஏன் தாமதம் என்று தினமும் நூறு பேர் கேட்பார்கள். தெரியாது என்று உண்மையைச் சொன்னால் திட்டுவார்கள். நாலு நிமிடம் என்று பொய் சொன்னால் நன்றி சொல்வார்கள். மனிதர்களை அவருக்குத் தெரியும்.

"நாளைக்கு நானும் வாறன்," என்றார். "திங்கட்கிழமை வரைக்கும் போன் அடியாதை."

"உங்களுக்கும் பக்தி வந்திட்டுதோ?"

"பக்தி இல்லை. சோதினை."

இராஜேந்திரனின் இதயம் வலப்பக்கம் இருக்கிறது. பத்தாயிரத்தில் ஒருவருக்கு அப்படி இருந்தால் அதிகம். நாற்பதாவது வயதில் இருமலுக்கு எக்ஸ்ரே எடுத்தபோது தெரிந்தது. படத்தைத் திருப்பிப் பிடித்துவிட்டோம் என்று நினைத்து மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே பக்கம். அன்றிலிருந்து வருடத்தில் இரண்டு முறை டாக்டர்களின் பரீட்சைக்கு நோயாளியாகப் போகிறார். பயணச் செலவும் ஒரு சாண்ட்விச்சும் கிடைக்கும். சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருக்க வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது.

பரீட்சைக்கு வரும் இளம் டாக்டர் இடப்பக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். சத்தம் சரியாகக் கேட்காது. முகம் வெளுக்கும். சிலர் கொஞ்சம் தயங்கி, சரியாகக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டு மறுபக்கம் தேடுவார்கள். அவர்கள் தேறுவார்கள். சிலர் கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி, நோயின் பெயரும் சொல்வார்கள். அவர்களை அடுத்த வருடம் அதே கட்டிலருகே இராஜேந்திரன் மறுபடி சந்திப்பார்.

இது பாலாம்பிகைக்கும் தெரியும். குடும்பமே பல வருடமாகச் சொல்லிச் சிரிக்கும் கதை. ஆனால் தெரிந்திருப்பது வேறு, நினைத்துப் பார்ப்பது வேறு.

சனிக்கிழமை. மண்டபத்தில் நிற்க இடமில்லை.

"இராஜேந்திரன் அண்ணை வந்திருக்கிறார்!" என்று ரஜனி ஒலிவாங்கியில் அறிவித்தாள். "நம்பாத ஆக்களும் வருகினம், பாருங்கோ!"

சாமி சிரித்தார். "நம்பாத நெஞ்சு அடைச்சுக் கிடக்கும். சுவாமி திறப்பார். இரும் தம்பி."

சாமிக்கு வயது நாற்பது. இராஜேந்திரனுக்கு ஐம்பத்தெட்டு. தம்பி உட்கார்ந்தார். சங்கு இடப்பக்க நெஞ்சில் உட்கார்ந்தது. சாமி கண்ணை மூடினார்.

டுப். டுப். டுப்.

"பயந்த இதயம்," என்றார் சாமி. "அழுகுது."

"எந்த இடத்தில சாமி அழுகுது?"

"இங்கதான். சங்குக்கு நேர கீழ."

"வடிவாக் கேக்குதோ?"

"கடல் மாதிரிக் கேக்குது."

"ஒருக்கா வேற பக்கமும் வைச்சுப் பாப்பமோ?"

"தம்பி, இதயம் இருக்கிற பக்கம்தான் வைக்கோணும். இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும்."

மண்டபம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் பாலாம்பிகையும் சிரித்தாள். பரீட்சையில் நோயாளி விடை சொல்லக் கூடாது. இராஜேந்திரன் தங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றது.

எழுந்தாள். "சாமி."

"உட்காரம்மா. இதயம் கதைக்குது."

"அது அண்ணையின்ர இல்லை, சாமி. அவருக்கு இதயம் மற்றப் பக்கம். பிறந்ததில இருந்து வலப்பக்கம்."

ஒலிபெருக்கி மட்டும் பேசியது. டுப். டுப்.

முன்வரிசையில் இருந்த மீன்கடைக்காரர் எழுந்து வந்தார். அனுமதி கேட்காமல் இராஜேந்திரனின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். முதலில் இடம். பிறகு வலம்.

"ஓமப்பா. இஞ்சாலதான் அடிக்குது."

சாமி தளரவில்லை. எழுந்தருளிய நாடுகள் கொஞ்சமா? "அந்த வலப்பக்க இதயத்தை," என்றார், "சுவாமி இப்பதான் இடப்பக்கம் கொண்டுவந்தவர்!"

ஆறு பேர் கைதட்டினார்கள். ஒருவர் அரோகரா என்றார். ரஜனி ஒலிவாங்கியில், "அற்புதம்! அற்புதம்!" என்றாள்.

மீன்கடைக்காரர் இன்னும் கையை எடுக்கவில்லை. "கொஞ்சம் பொறு ரஜனி. அது இன்னும் இஞ்சாலதான் நிக்குது."

சாமிக்குக் கோபம் வந்தது. சங்கை மேசையில் வைத்தார். வைத்த வேகத்தில் அது உருண்டு, வெற்றிலைத் தட்டில் முட்டி நின்றது.

டுப். டுப். டுப்.

மேசைக்கு இதயம் இருந்தது. ஒழுங்காக அடிக்கும், ஆரோக்கியமான இதயம்.

"மேசைக்கு என்ன சாமி?" என்றார் மீன்கடைக்காரர். "கண்ணூறோ, செய்வினையோ?"

ஒலிபெருக்கியிலிருந்து இன்னொரு வயர் சாமியின் ஆசனத்துக்கு அடியில் போவதைக் கண்டு பாலாம்பிகை முன்னே வந்தாள். சாமியின் ஆசனத்திலிருந்து தரை வரைக்கும் தொங்கிய பட்டுத் துணியைத் தூக்கினாள். சாமியின் வலது பாதத்துக்குக் கீழே ஒரு பெடல் இருந்தது. தையல் மெஷின் பெடலைப் போல. சாமி பதறிக் காலை எடுத்தார்.

இதயம் நின்றது. அந்த மாதம் ஈஸ்ட் ஹாமில் சாமி சரியாகக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே இதய நிறுத்தம் அதுதான். அதற்கு அவர் பெயர் சொல்லவில்லை. பின்படியால் இறங்கிப் போனார்.

"பெடல்தான் பிழை," என்று ரஜனி அழுதாள். "சாமி உண்மையானவர்."

கீழே தெருவில் இன்னும் அறுபது பேர் நின்றார்கள். சாமி போய்விட்டார், எல்லாம் ஏமாற்று என்று இராஜேந்திரன் சொன்னார். அவர்கள் கவனமாகக் கேட்டார்கள். பிறகு ஒருவர் கேட்டார்: "அப்ப அடுத்த சனி வருவாரோ?"

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அந்த மெலிந்த டாக்டர் கையெழுத்துக்கான தாளோடு வந்தார். இதை வைத்தால் முழுக்கக் குணமாகுமா என்று பாலாம்பிகை தன் ஆங்கிலத்தில் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்தார். தெரியாது என்றார். இதயம் தடுமாறினால் கருவி பிடித்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. மிச்சத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பாலாம்பிகை அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"பரீட்சையில இவ பாஸ்," என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

இப்போது லண்டனின் மறுகோடியில், கிங்ஸ்பரியில் ஒருவர் வந்திருக்கிறாராம். கண்ணாடியில் ஈரலைப் பார்த்துச் சொல்கிறாராம். வரிசை ஸ்டேஷன் வரைக்கும் நிற்கிறதாம். தொண்டர் தலைவி ரஜனி.

இதயம் சிலருக்குப் பக்கம் மாறியிருக்கும். அது அபூர்வம். மூளை எல்லோருக்கும் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதைப் பாவிக்காமல் வைத்திருப்பதை எந்த டாக்டரும் அபூர்வ நோய் என்று சொல்லமாட்டார்.