திறக்கிற கார்

பழைய கார் வாங்குகிறவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சாதுவான பிறவிகள். பக்கத்துத் தெருவுக்குப் போய், டயரை உதைத்துப் பார்த்து, ஹாரனை அடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துப் பேரம் பேசி, சாயங்காலத்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது அவர்களைப் பற்றி அல்ல. கண்ணால் பார்க்காத ஒரு காரை, கால் வைக்காத ஒரு தேசத்தில், ஒரே ஒரு போட்டோவைப் பார்த்து மயங்கி வாங்கி, அதைக் கப்பலில் ஏற்றி வீட்டு வாசலுக்கு வரவழைக்கிறாரே, அந்தப் பேர்வழியைப் பற்றி. அதிலும் சாதாரணக் கார் இல்லை. கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டுத் தலைமுடி பறக்கப் போகிற, அந்தக் காலத்து கன்வர்ட்டிபிள். பேர்வழிக்குத் தலையில் முடி இருக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பெரும்பாலும் இருக்காது.

அவரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். என்ன கேட்டாலும் "வருது" என்பார். பேச்சின் நடுவே போனை எடுத்து, கப்பல் இருக்கும் இடத்தைக் காட்டுகிற வரைபடத்தில், நீலக் கடலில் நகராமல் நிற்கிற ஒரு சின்ன அம்புக்குறியைப் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். அதைவிட நிச்சயமான அடையாளம் இலக்கணத்தில் இருக்கிறது. மனைவியைப் பற்றிப் பேசும்போது "வீட்ல சொல்லிச்சு, வீட்ல கோவிச்சுக்கிச்சு" என்று அஃறிணையில் பேசுகிற இந்த மனிதர், காரைப் பற்றிப் பேசும்போது "அவ" என்பார்.

உங்களுக்காக ஒருவரைப் பிடித்து வைத்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கார் கப்பல் ஏறிய நாளிலிருந்து அவருடைய மைத்துனர் அவருக்குக் கேப்டன் என்று பேர் வைத்துவிட்டார். கேலியாக வைத்ததுதான். இவருக்கு அது பிடித்துப்போய்விட்டது.

இந்தத் தொழிலில் கேப்டனுக்கு ஒரு வசதி. கண் பரிசோதனைக்கு வருகிறவர் தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொண்டு, இமைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவரால் எழுந்து ஓடவா முடியும்?

"அவ இப்ப எங்க இருக்கா தெரியுமா சார்?"

"யாரு சார்?"

"கிளம்பிட்டா. ஆனா நேத்துலேருந்து ஒரே கொந்தளிப்பு. எனக்கு மனசே சரியில்ல."

வந்தவர் ஏதோ குடும்ப விவகாரம் என்று நினைத்து, "பேசித் தீர்த்துக்குங்க சார், எல்லாம் சரியாயிடும்" என்று ஆறுதல் சொல்லிவிட்டு, கண்ணாடி வாங்காமலே போனார். அடுத்து வந்த பெண்மணிக்கு எழுத்துப் பலகைக்குப் பதிலாகக் காரின் போட்டோவைக் காட்டி, "இது ரத்தச் சிவப்பா, மாதுளைச் சிவப்பா, எது தெளிவாத் தெரியுது?" என்று கேட்டார். அவளுக்குக் கிட்டப்பார்வை. "தக்காளிங்களா?" என்றாள்.

போட்டோவோடு கூடவே கேப்டனிடம் ஒரு வாக்கியமும் இருந்தது. விற்றவன் சொன்னது. "இந்த வண்டி இதுவரைக்கும் மழையே பார்த்ததில்லை." இதை அவர் கடைக்கு வந்தவர்களிடம் சொன்னார், லிஃப்ட்டில் ஏறியவர்களிடம் சொன்னார், எதிர்வீட்டு நாயை உலாத்த வந்தவரிடம் சொன்னார், அவர் நகர்ந்ததும் நாயிடமும் சொன்னார் என்று கேள்வி.

எதற்கு இத்தனையும்? இந்த இனத்திடம் ஒரு பெருந்தன்மை உண்டு. தமக்கென்று எதையும் வாங்கமாட்டார்கள். மனைவிக்காகத்தான்.

கேப்டனைப் பொறுத்தவரை இது பொய்யில்லை. அவர் மனைவி கணக்கு டீச்சர். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை என்பது அவருக்குள் ஒரு முள்ளாகவே இருந்தது. ஓட்டைக் காரில் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார். அதில் டீச்சர் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்காது. வேகாத வெயிலில் புத்தகத்தால் விசிறிக்கொண்டு, "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுறீங்க, என் பக்கத்துக் கண்ணாடியை இறக்க வழியில்ல" என்பார் டீச்சர். அது புலம்பல். புலம்பல் வேறு, கேட்பது வேறு என்பது கேப்டனின் அகராதி.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் டீச்சர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். கேப்டன் போனில் எதையோ தேய்த்தபடி "ம்" போட்டுக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் காதில் தேனாக விழுந்தது:

"...திறக்கிற காரா ஒண்ணு இருந்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

கேட்டுவிட்டாள். கடைசியில் வாய் திறந்து கேட்டேவிட்டாள். கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. கூரை திறக்கிற காரில், சேலைத் தலைப்பு பறக்க, அவள் முகத்தில் வரப்போகிற சிரிப்பை அன்றைக்கே அவர் பார்த்துவிட்டார். அந்த ஒரு சிரிப்புக்காகத்தான் இந்தக் கப்பலே கிளம்பியது.

கப்பல் வருகிற நாட்கள்தான் இந்தப் பேர்வழியின் வசந்த காலம். கேப்டன் தோல் கையுறை வாங்கினார், தட்டைத் தொப்பி வாங்கினார், காருக்கு இடம் ஒழிக்க, ஷெட்டில் இருந்த துவைக்கிற மெஷினைச் சமையலறைக்குக் கடத்தினார். டீச்சர் காய் நறுக்குகிற இடத்தில் அது நின்றுகொண்டு ஆடியது. "வந்துருச்சா மாமா?" என்பார் மைத்துனர். "வருது மாப்ள." புயல் என்று கப்பல் வழியில் ஒதுங்கி நின்றபோது ஊருக்கெல்லாம் கவலையோடு சொன்னார். ஆனால் முகத்தில் பூரிப்பு. வந்துவிட்டால் அது வெறும் கார்தானே. வருகிறவரைக்கும்தான் ஆள் கேப்டன்.

வந்தது. லாரியின் முதுகில், கட்டிப் போட்டபடி, பாதித் தெரு வேடிக்கை பார்க்க வந்தது. நிறம் உண்மையிலேயே தக்காளிதான். கேப்டனும் மைத்துனரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்க, கூரை ஒரு முனகலோடு பின்னால் மடங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அதைத் திரும்ப நிமிர்த்திப் பார்ப்போமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

டீச்சர் கைப்பையோடு இறங்கி வந்தார். பழக்கதோஷத்தில் தன் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எதிரே ஸ்டீயரிங்.

"நானா ஓட்டணும்?"

அந்தத் தேசத்தில் ஸ்டீயரிங் மறுபக்கம். கேப்டன் பதமாக எடுத்துச் சொல்லி இடம் மாற்றி உட்காரவைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வண்டி இருமி, உதறி, கிளம்பியது. கடைத்தெரு தாண்டும்வரை அவர் சாலையைப் பார்க்கவேயில்லை. ஓரக்கண்ணால் டீச்சரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பு பறந்தது. சிரிப்பைத்தான் காணோம்.

டீச்சர் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். கைப்பிடியைக் கண்டுபிடித்தார். சுற்றினார். இன்னும் அழுத்திச் சுற்றினார். கைப்பிடி கழன்று கையோடு வந்தது. மேலே கூரையே இல்லாத அந்தக் காரில் அவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் சிலை மாதிரி நின்றது.

"இதுலயும் இறங்கல" என்றார் டீச்சர்.

"கூரையே இல்லையேம்மா. காத்து வரலையா?"

"வருது. மண்ணும் சேர்ந்து வருது."

"நீதானே கேட்ட? திறக்கிற கார் வேணும்னு. ஆசையாக் கேட்டியேன்னுதான்..."

டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "ஜன்னல் திறக்கிற கார்னு சொன்னேன். ஜன்னலைச் சொல்லும்போது நீங்க போனைப் பார்த்து ம் போட்டுக்கிட்டு இருந்தீங்க. கேள்வியை முழுசாப் படிக்காம பதில் எழுதுற பிள்ளைங்களுக்கு நான் மார்க்கே போடறதில்ல."

கேப்டனின் முகம் தொங்கிவிட்டது. அந்த நிமிஷம் அவருக்குக் காரின்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. எத்தனை வெயில் காலமாக இவள் புத்தகத்தால் விசிறிக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்?

மழை சொல்லிக்கொண்டா வருகிறது? சிக்னலில் நிற்கும்போது பிடித்தது. மழையே பார்க்காத வண்டி நன்றாகப் பார்த்தது. கேப்டன் எழுந்து நின்று கூரையை இழுத்தார். தொங்கினார். அதட்டினார். கெஞ்சினார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். கூரைச் சட்டம் ஓர் அங்குலம் நகரவில்லை. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்ட அவர் உட்கார்ந்தபோது, டீச்சர் கைப்பையைத் தலைமேல் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி சொன்னார்:

"பரவாயில்ல விடுங்க. என் பக்கத்து ஜன்னல் நல்லா மூடியிருக்கு."

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்து முடியாமல், கைப்பை நழுவ, தோள் குலுங்கச் சிரித்தார். கேப்டன் எதற்காகக் கப்பலை வரவழைத்தாரோ அந்தச் சிரிப்பேதான். இப்படி நனைந்துகொண்டு பார்க்கவேண்டியிருக்கும் என்று மட்டும் அவர் நினைத்திருக்கவில்லை.

மறுநாள் பழைய காரின் ஜன்னலை ஒரு பட்டறையில் சரிசெய்தார்கள். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. இப்போது டீச்சர் முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ராணி மாதிரி பள்ளிக்கூடம் போகிறார். தக்காளி ஷெட்டில் தார்ப்பாய்க்குள் தூங்குகிறது. துவைக்கிற மெஷின் இன்னும் சமையலறையில்தான். கேப்டன் திருந்திவிட்டாரா? சாப்பாட்டு மேஜையில் போனைக் கவிழ்த்து வைக்கிறார். "என்னம்மா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு" என்கிறார். அதெல்லாம் சரி. ஆனால் நேற்று கடைப்பக்கம் போனபோது, கூரையை நிமிர்த்த ஒரு கம்பி தேவைப்பட்டதே, அது என்ன ஆயிற்று என்று விசாரித்தேன்.

"வருது" என்றார். கண்ணில் அதே பூரிப்பு.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதை நீங்கள் படித்துக்கொண்டிருந்தபோது, நடுவில் பக்கத்திலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையைத் தூக்காமல் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார்கள்? பாதி ஞாபகம் இருக்கிறதல்லவா? அந்தப் பாதியை வைத்துக்கொண்டு எதையும் வாங்கிவிடாதீர்கள். எழுந்து போய், மீதியைக் கேட்டுக்கொண்டு வாருங்கள்.