மூன்றேகால் அங்குலத் தலைக்கு ஓர் ஒப்பந்தம்

பெருமதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே வீட்டிலும் பட்டறையிலும் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, அக்கா கொடுக்கிற மாத்திரையை விழுங்குகிறீர்களா, அல்லது வழக்கம்போல் புத்தகத்துக்குள் அடையாளமாக வைத்துவிடுகிறீர்களா என்று தெரியப்படுத்தவும். இந்தக் கடிதம் உங்களைக் குறை சொல்வதற்காக அல்ல. நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிறமொழி கற்றுக்கொடுத்தவரைக் குறை சொல்ல ரப்பர் பட்டறைக்காரன் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

நாற்காலிக் காலுக்கு அடியில் மாட்டுகிற ரப்பர் புஷ்தான் நம் பிழைப்பு என்பது உங்களுக்குத் தெரியும். கடையில் அதைப் புஷ் என்பார்கள், பட்டறையில் நாங்கள் குல்லா என்போம். கடல் தாண்டியிருக்கும் ஒரு நாற்காலிக் கம்பெனி இரண்டு லட்சம் குல்லா கேட்டபோது, என் சரக்கைப் பற்றி அவர்கள் மொழியிலேயே எழுதித் தந்த புண்ணியவான் நீங்கள்தான். அதை நம்பி, ரப்பரை அச்சில் வார்க்கிற இயந்திரம் இன்னொன்று வாங்கினேன். நாலு பேரை வேலைக்குச் சேர்த்தேன். உங்கள் தாளை வைத்து அவர்கள் நாற்பத்து மூன்று பக்கத்தில் ஒப்பந்தம் அனுப்பினார்கள், இடது பாதி அவர்கள் மொழி, வலது பாதி ஆங்கிலம். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது என் பெயரே எனக்கு வேற்று ஆள் பெயர் மாதிரி இருந்தது. படித்தேனா என்று கேட்காதீர்கள்.

கையெழுத்தான பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. ஐந்தாம் இணைப்பு என்று ஒன்று, அதைப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டுமாம். பட்டறைக் கணக்கையும் கடிதங்களையும் பார்ப்பது என் வீட்டுக்காரிதானே, அவள்தான் வாசித்துச் சொன்னாள். குழந்தை வாயில் வைத்தால் சாயம் போகுமா? வெயிலில் வியர்க்குமா? எத்தனை முறை துவைக்கலாம்? தலைச் சுற்றளவு என்ன?

"ஏங்க, நாற்காலிக்குக் கால் இருக்கு, கை இருக்கு, முதுகுகூட இருக்கு. தலை எப்ப வந்துச்சு?" என்றாள்.

"வெளிநாட்டு நாற்காலி, இருக்கும். கேட்டதை எழுது" என்றேன். நாற்காலிக் காலை நூல் போட்டு அளந்து, தலைச் சுற்றளவு மூன்றேகால் அங்குலம் என்று எழுத வைத்தேன். அத்துடன் விட்டார்களா? ஒருவர் தலையில் எட்டு மணி நேரம் அணிந்து, தோல் சிவக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டுமாம். மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அந்த மனுஷன் இருபது வருடமாக என்னிடம் வேலை பார்ப்பவர், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுமண்டையில் குல்லாவை வைத்துக்கொண்டு இயந்திரத்தின் முன் நின்றார். அரை மணி நேரத்தில் வந்து, "முதலாளி, குனிஞ்சா விழுந்துடுது. குனியாம எப்படி அச்சைத் திறக்கிறது?" என்றார். ஒட்டு நாடாவால் ஒட்டிவிட்டோம். மாலையில் நான் எழுதியது: சிவப்பு இல்லை, கழுத்துப் பிடிப்பு உண்டு.

அதை எடுத்துக்கொண்டு முத்திரை வாங்கப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனால், அங்கிருந்த ஆள் குல்லாவைக் கட்டைவிரலில் மாட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குல்லாவைப் பார்த்தார். "ஐயா, இது யார் தலைக்கு?" என்றார். குல்லாவை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு படி இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும், "முதல்ல ஒரு வக்கீலைப் பாருங்க. இல்லாட்டி நானே மேஸ்திரி வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பேன்" என்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள்.

வெளிநாட்டு வியாபார ஒப்பந்தங்களை மட்டுமே பார்க்கிற வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மேஜையில் ஒரே ஒரு கோப்பு. சுவரில் ஐந்து கடிகாரங்கள், ஐந்தும் ஐந்து நேரம். இதில் எது சரியான நேரம் என்று கேட்டேன். "யாரோட சண்டைங்கறதைப் பொறுத்தது" என்றார். அத்தான், அந்த நிமிஷத்திலேயே எனக்கு அந்தத் தொழில் பிடித்துப்போயிற்று.

"உங்க சரக்கு நடுக்கடல்ல முழுகிட்டா நஷ்டம் யாருக்கு?"

"கப்பல்காரனுக்கு" என்றேன்.

சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு பேருக்கும் தகராறு வந்தா எந்த நாட்டுச் சட்டம்? எந்த ஊர்ல விசாரணை?"

"தகராறு எதுக்கு வரணும்?"

"வராதுன்னா மூணு மாடி எதுக்கு ஏறி வந்தீங்க?"

எல்லாம் அந்த நாற்பத்து மூன்று பக்கத்தில் இருந்திருக்கிறது. பெட்டி கப்பல் தளத்தில் ஏறுகிறவரை சரக்கின் பொறுப்பு என்னுடையது, ஏறியதும் அவர்களுடையதாம். பாரம்தூக்கியில் அந்தரத்தில் தொங்கும்போது? அப்போதும் என்னுடையதுதானாம். திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அந்தத் தொங்குகிற பெட்டியையே நினைத்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன். இத்தனை வருடம் ஒரு பொருளை விற்கிறோம், அது எந்த நொடியில் நம்மை விட்டுப் போகிறது என்று நான் யோசித்ததே இல்லை.

ஆனால் வக்கீலம்மா விரல் வைத்த இடம் முப்பத்தோராவது பிரிவு. இரண்டு மொழிக்கும் பொருள் வேறுபட்டால் இடது பக்கமே செல்லும் என்கிறது. "வலது பக்கத்துல 'கேப்'னு இருக்கு. அது மூடிக்கும் வரும், தொப்பிக்கும் வரும். இடது பக்கத்துல தலையில போடற தொப்பின்னே இருக்கு. நீங்க ரெண்டு லட்சம் ரப்பர் தொப்பி தர்றதா எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றார். ஆக, குல்லா என்றதை நீங்கள் தொப்பி ஆக்கிவிட்டீர்கள் அத்தான். உங்களை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்பது நாளில் கப்பல். காகிதத்தில் தொப்பி, பெட்டியில் புஷ் என்றால் அவர்கள் துறைமுகத்திலேயே சரக்கை நிறுத்திவிடுவார்களாம். ஒன்றரை லட்சம் குல்லா அடித்துப் பெட்டியில் கட்டியாயிற்று. புதிதாகச் சேர்ந்த நாலு பேரும் என் முகத்தையே பார்க்கிறார்கள்.

மறுநாள் வக்கீலம்மா அறையில் இருந்தே கணினியில் அந்தக் கம்பெனியுடன் பேச்சு. அவர்கள் மொழியில் அவரே பேசி, அவ்வப்போது எனக்குத் தமிழில் சொன்னார். அங்கே கொள்முதல் அதிகாரியான ஓர் அம்மாள், பக்கத்தில் அவர்களுடைய சட்டக்காரர், நரைத்த மீசைக்காரர். நான் குல்லாவை நாற்காலிக் காலில் மாட்டி, கேமரா முன்னால் தரையில் இழுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் தலையாட்டினார், அவர் கேட்டது இதைத்தான். மீசைக்காரர் மட்டும் வாயைப் பிளந்தார். மாதிரியை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்த அம்மாளோ ஒப்பந்தத்தைப் புரட்டியதில்லை. இரண்டு பேர் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தானாம்!

"அப்படின்னா தலைச் சுற்றளவு எதுக்குக் கொடுத்தீங்கன்னு கேட்கிறார்" என்றார் வக்கீலம்மா.

"அவர் கேட்டார், நான் கொடுத்தேன்."

அதை வக்கீலம்மா சொன்னதும் மீசைக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன், சிரிப்பாம். மூன்றேகால் அங்குலத் தலை பொம்மைக்கா, பூனைக்குட்டிக்கா என்று அவர் அலுவலகத்தில் இரண்டு வாரமாக விவாதமாம்.

சிரித்ததோடு அவர் விடவில்லை. கையெழுத்தானது ஆனதுதான், வாய்ப்பேச்சில் மாற்ற முடியாது என்றார். வக்கீலம்மா தயாராக வைத்திருந்தார். ஒரே ஒரு பக்கம்: ஐந்தாம் இணைப்பு ரத்து, சரக்கு எதுவென்று அளவோடு வரைந்த படம், இரண்டு மொழிக்கும் சம மதிப்பு, இரண்டும் முட்டிக்கொண்டால் படம் சொல்வதே முடிவு. மீசைக்காரர் அதை மூன்று தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ஆறாம் நாள் கையெழுத்தாகி வந்தது. நேற்று பெட்டி கப்பல் ஏறிவிட்டது. அது அந்தரத்தில் தொங்குவதை நேரில் பார்க்க வேண்டும் என்று துறைமுகம் வரை போனேன், அத்தான். மேஸ்திரியும் வந்தார். தளத்தில் அது பொத்தென்று உட்கார்ந்ததும், "போச்சு மேஸ்திரி, இனிமே நம்முது இல்ல" என்றேன். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

ஆகவே, தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம், இனி என் பட்டறைக்காக நீங்கள் எதையும் மொழிபெயர்த்துச் சிரமப்பட வேண்டாம். வயதாகிவிட்டது, ஓய்வெடுங்கள். அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் முழங்கால் சீக்கிரம் படி ஏறட்டும், மாத்திரைக்காக அக்கா படுகிற கோபம் சீக்கிரம் இறங்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் சட்டப் பிழை ஏதும் இருக்குமோ என்று கடிதத்தை வக்கீலம்மாவிடம் காட்டினேன். அவர் என் கோப்பிலிருந்து நீங்கள் எழுதித் தந்த அசல் தாளை எடுத்து வைத்தார். நாற்காலிக் காலுறை என்று நீங்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில், அகராதியில் குல்லாவுக்கு நேரே இருந்த சொல்லை யாரோ எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். பட்டறையில் சிவப்புப் பேனா வைத்திருப்பது நான் ஒருவன்தான். ஐந்து பக்கத்தை மறுபடி எழுதக் கை வலிக்கிறது. எனவே மேலே "நீங்கள்" என்று குற்றம் சாட்டியிருக்கும் இடத்தில் எல்லாம் "நான்" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும். முழங்காலைப் பற்றிக் கேட்டது மட்டும் உங்களுக்கே.