ஐந்தரை அடி ஓட்டக்காரன்

பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்தவனோடு தன்னைப் போட்டி ஓட விடுவார்கள் என்று சங்கையா கனவிலும் நினைக்கவில்லை. தேவிகுளம் மலையில், கீழ் பஜாரிலிருந்து எஸ்டேட்டுக்குத் தினமும் தபால் பையைச் சுமந்து ஏறுவது அவன் வேலை.

மதராஸிலிருந்து வந்த பேராசிரியர் மிக்கேல்ராஜ், ஓடைக்கரை மேட்டில் கல்லாய் இறுகிப்போன களிமண்ணில் இரண்டு காலடித் தடங்களைக் கண்டுபிடித்திருந்தார். நடுவே நாடாவைப் பிடித்தார். ஒரே எட்டுக்கு ஐந்தரை அடி! ஆதிமனிதன் மேட்டிலேயே மான் மாதிரி ஓடியிருக்கிறான் என்று பூரித்துப்போனார்.

காலையிலிருந்து கூடவே அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எஸ்டேட் துரைக்குத் தபால் ஞாபகம் வந்துவிட்டது. காட்டுமிராண்டியே இந்த ஓட்டம் ஓடினால், சம்பளம் வாங்கும் சங்கையா மலையேற இரண்டு மணி நேரம் எடுப்பானேன்? பக்கத்துச் சேற்றில் ஐந்தரை அடி எட்டு வைத்து ஓடிக் காட்டாவிட்டால், திங்கட்கிழமை முதல் வேறு ஆள் என்றார்.

சங்கையா ஓடினான். மூன்றரை அடி.

"அவன ஆன வெரட்டியிருக்கும், அய்யா. என்னைய யாரு வெரட்டுதா?" என்றான்.

நியாயமான கேள்வி என்று பேராசிரியர் நோட்டில் எழுதிக்கொண்டார். துரை தன் நாயை அவிழ்த்துவிட்டார். எட்டு நாலரை அடியானது, வேட்டி பாதியானது.

அவன் பசித்த வயிற்றோடு ஓடியிருப்பான், தான் கஞ்சி குடித்து வந்தவன் என்று அடுத்த சாக்கைச் சொன்னான் சங்கையா. அதையும் பேராசிரியர் ஏற்றுக்கொண்டு, சாயங்காலம் வரை அவனைப் பட்டினி போட்டார். அப்புறம் ஓடினால் மூன்றடிகூடத் தேறவில்லை.

சங்கையாவுக்கு அழுகை வந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும். பெண்டாட்டி சின்னத்தாயையும் நாலு பிள்ளைகளையும் எங்கே கொண்டுபோய் வைப்பான்? கண்ணை மூடிக்கொண்டு ஒரே தாவாகத் தாவினான். சரியாக ஐந்தரை அடியில் பதிந்தது, ஆனால் காலில்லை, மூக்கு. மூக்கைக் கணக்கில் சேர்க்க விஞ்ஞானம் இடம் தராது என்று பேராசிரியர் மெய்யாகவே வருந்தினார்.

துரை உட்கார்ந்த இடத்திலேயே வேலை நீக்க உத்தரவை எழுதத் தொடங்கினார்.

பங்களாவிலிருந்து டீ கொண்டுவந்த குருவம்மாள், கோப்பையை அவர் பக்கத்தில் வைக்கக் குனிந்தவள், நிமிராமல் அங்கேயும் இங்கேயும் பார்த்தாள்.

"அய்யா, இவன் சும்மா நடந்துல்லா போயிருக்கான். அங்கன இருக்க ரெண்டும் எடது காலு. வலது காலு தொர நாக்காலிக்கு அடியில கெடக்கு."